தலையெழுத்தும் நான்கெழுத்தும்

கோடை முழுதும் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில் முதல் மழை விழுகிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில், பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் காத்துக் கிடக்கும் அந்தக் கறுப்பு மண், துளி பட்ட மாத்திரத்தில் மணக்கத் தொடங்குகிறது. உழவன் நிமிர்ந்து நிற்கிறான்; உலர்ந்த முகத்தில் ஒரு மலர்ச்சி. கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் 1923ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஈன்றளித்த ஊர் அது. அந்த மண்ணின் மொழியை அவ்விருவரும் ஏட்டில் எழுதினர். மண்ணின் மணத்தையோ மண்ணே எழுதிக்கொள்கிறது.

அந்த மணத்தை ஆக்குவது யார்? வானத்துத் தேவர்களா? அல்லர். மண்ணுக்குள் வாழும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள்! ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று அறிவியலார் அழைக்கும் ஓர் இனமும் அதன் உறவினங்களும், ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. மழைத்துளி மண்ணைத் தட்டி எழுப்பும்போது அது காற்றில் கலக்கிறது. உழவன் மூச்சை இழுத்து, "மண் மணக்கிறது" என்கிறான். அவன் மகிழ்ந்து முகர்வது, பெயரறியாத கோடிக்கணக்கான உயிர்களின் உழைப்பை!

மணம் மட்டுமா தந்தன அந்த உயிர்கள்? மருந்தும் தந்தன. அந்த மருந்தின் கதையைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில், இன்று அந்த மருந்து தோற்கத் தொடங்கிவிட்டது. தோல்விக்குக் காரணம் கேட்டால், நம் நாட்டில் ஆயத்தமாக ஒரு விடை காத்திருக்கிறது. மழை பொய்த்தால் தலையெழுத்து. மகசூல் குறைந்தால் தலையெழுத்து. மருத்துவமனையில் விலை உயர்ந்த ஊசி போட்டும் மகவு மாண்டால், அப்போதும் தலையெழுத்து! எழுதியவனையும் கண்டதில்லை; எழுதியதையும் எவரும் படித்ததில்லை. எனினும், படிக்க முடியாத அந்த எழுத்தின்மீது எல்லாப் பழியையும் சுமத்திவிட்டு, எழுந்து போய்விடுகிறோம்.

இப்போதோ, படிக்கக்கூடிய எழுத்து ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் காணப்படும் கையெழுத்து யாருடையது என்பதே கேள்வி.

*

1943ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், செல்மன் வாக்ஸ்மன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். உழவர் குடியிற் பிறந்தவர் அவர். எரு இட்ட நிலத்து மண்ணிலிருந்து, மேலே சொன்ன மண்மண இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது கசிந்த பொருள், காசநோய்க் கிருமியைக் கொன்றது. அதுவே ஸ்ட்ரெப்டோமைசின். 1952இல் நோபல் பரிசு வந்தது. பேராசிரியருக்கு மட்டும் வந்தது. மண்ணைக் கிளறியவருக்கு இல்லை! உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன் என்னும் கதை அந்த நாட்டிலும் உண்டு போலும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று, லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் அவருடைய ஆய்வுத் துறையிலிருந்து ஆரியோமைசின் வெளிவந்தது. அதுவும் மண் தந்த மருந்துதான். மிசௌரி நாட்டு வயல் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் அதன் தாய்.

1956இல், சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் எழுந்தது. மலைமேல் மாளிகை, தூய காற்று, பால், பழம், மாதக்கணக்கான ஓய்வு — இவை இருந்தால்தான் காசம் தீரும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டுக் குடிசையில், ஒண்டுக் குடித்தனத்தில், அரை வயிற்றுக் கஞ்சியோடு கிடந்த ஏழைக்கும் மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் நோய் தீரும் என்று அந்த மையம் 1959இல் மெய்ப்பித்தது. மருந்து என்பது மாளிகையின் தனியுடைமை அன்று, மக்களின் பொதுவுடைமை என்று சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி அது. நாம் நெஞ்சு நிமிரலாம்.

ஆனால், அந்தப் பொதுவுடைமையை எப்படி ஆண்டோம்?

*

கரிசல் நாட்டிலே ஊருணியின் அருமை எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஆறில்லாத ஊர், ஆழத்திலோ உப்பு நீர். மழை தந்ததைத் தேக்கி வைத்து, ஆண்டு முழுதும் குடிக்க வேண்டும். அதிலே ஒருவன் மாட்டைக் குளிப்பாட்டினால், அது அவன் வீட்டுக் காரியம் என்று ஊர் சும்மா இருக்குமா? ஒருவன் கலக்கினால் ஊரே சேற்று நீரைக் குடிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் வலிமையும் அத்தகைய ஊருணிதான். நான் இன்று தேவையின்றி விழுங்கும் மாத்திரை, நாளை எவனோ ஒருவனுக்குத் தேவைப்படும்போது பயன்படாமற் போகச் செய்கிறது. மற்ற மருந்துகளுக்கு இந்தக் குணம் இல்லை. என் தலைவலி மாத்திரை உம்முடைய தலைவலி மாத்திரையைக் கெடுப்பதில்லை. இதுவோ கெடுக்கிறது.

"நில்லுங்கள்!" என்கிறார் ஒருவர். "மருந்துக்கு அடங்காத கிருமி நாம் ஆக்கியதா? அது இயற்கை அல்லவா?"

நியாயமான கேள்வி. ஒதுக்கித் தள்ளக் கூடாது. மருந்தைக் கசியும் மண்ணுயிர், அந்த மருந்தால் தானே மடிந்துவிடாமல் இருக்கக் கவசம் ஒன்றையும் உடன் வைத்திருக்கிறது. வாளும் கேடயமும் ஒரே கொல்லன் பட்டறையில்! 2006இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து 480 நுண்ணுயிர் வகைகளைப் பிரித்து, 21 மருந்துகளால் சோதித்தனர். ஒவ்வொன்றும் சராசரியாக 7 அல்லது 8 மருந்துகளைத் தாங்கி நின்றது. 2011இல் இன்னும் வியப்பான செய்தி. அதே நாட்டின் யூக்கான் பகுதியில், 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன. மருந்துக்கடை இல்லை, மருத்துவர் இல்லை, மாத்திரை இல்லை. கேடயம் மட்டும் இருந்தது!

ஆகவே, இடைசெவலின் கரிசலில் ஒரு கைப்பிடி அள்ளினாலும் அத்தகைய பழைய கேடயங்கள் இருக்கவே செய்யும். "அப்படியானால் நாம் குற்றவாளிகள் அல்லர்" என்று கைகழுவிவிடலாமா? காட்டிலே புலி இருப்பது இயற்கை. கதவைத் திறந்து வைத்து அதனை வீட்டுக்குள் அழைத்ததும் இயற்கைதானா? இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். பிரித்தறியும் கருவி நேற்றுவரை இல்லை. இன்று உண்டு.

*

ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஓர் ஏடு இருக்கிறது. அந்த ஏட்டின் மொழிக்கு எழுத்துகள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். திருக்குறளை எழுதவும் சாக்கடைச் சண்டையை எழுதவும் தமிழுக்கு ஒரே நெடுங்கணக்கு இருப்பதுபோல, மாமரத்தை எழுதவும் மனிதனை எழுதவும் மலேரியாக் கிருமியை எழுதவும் இயற்கைக்கு இந்த நான்கெழுத்தே போதும். 1995இல் முதன்முதலாக ஒரு பாக்டீரியாவின் ஏடு முழுதும் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 18 லட்சம் எழுத்துகள். பக்கத்துக்கு 2000 எழுத்து என அச்சிட்டால் 900 பக்க நூல்!

இன்று அதனினும் மேலே போய்விட்டனர். ஒரு குடம் சாக்கடை நீர் அல்லது ஒரு கைப்பிடி ஏரிச் சேறு போதும். மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுக்கின்றன; ஆதலால் அவற்றை வளர்க்க முயலாமலே, எல்லா உயிர்களின் மரபுப்பொருளையும் ஒருங்கே பிரித்தெடுக்கின்றனர். அதனைத் துண்டு துண்டாக்கிப் பொறி படிக்கிறது. கணிப்பொறி, கிழிந்த ஓலைகளை ஒட்டிப் படிக்கும் புலவனைப்போல, துண்டுகளைக் கோத்து, முன்பே அறிந்த எதிர்ப்பு மரபணுக்களோடு ஒப்பிடுகிறது. எந்த மருந்துக்கு எந்தக் கேடயம், எத்தனை, எந்த உயிரிடம் — எல்லாம் வெளிச்சத்துக்கு வருகின்றன.

அப்படிப் படித்தபோது கண்டதென்ன?

ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேரு. மருந்து ஆலைகள் மலிந்த இடம். ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே சுத்தம் செய்யப்பட்டு வெளியேறிய நீரை சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் எழுதினர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் குருதியில் ஓடுவதைவிட மிகுதி. சுத்தம் செய்த பிறகு இந்த நிலை!

அந்த வட்டாரத்திலேயே காஜிப்பள்ளி என்றோர் ஏரி. ஆலைக் கழிவை ஏற்ற ஏரி. அதன் நுண்ணுயிர் ஏட்டையும், சுவீடன் நாட்டு ஏரி ஒன்றின் ஏட்டையும் படித்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். சுவீடன் ஏரியில் எதிர்ப்பு மரபணு வகைகள் எட்டு. காஜிப்பள்ளியில் எண்பத்தொன்று. அளவிலோ, ஏறத்தாழ 7000 மடங்கு!

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எட்டு என்பதை வேண்டுமானால் இயற்கையின் கணக்கில் எழுதுங்கள்; மறுப்பாரில்லை. எஞ்சியதை யார் கணக்கில் எழுதுவது? அந்த ஏரியின் தலையெழுத்து என்பதா? ஏரிக்குத் தலை ஏது? அதற்கு வாய்க்கால்தான் உண்டு. வாய்க்காலின் மறுமுனையில் ஆலை உண்டு. ஆலைக்கு உடைமையாளன் உண்டு. அவனைக் கண்காணிக்கக் கடமைப்பட்ட அரசு உண்டு. மலிவு விலையில் மருந்தை வாங்கிக்கொண்டு, கழிவு எங்கே போயிற்று என்று கேளாத மேலைநாட்டுச் சந்தையும் உண்டு.

*

நுண்ணுயிர்களிடம் ஒரு விந்தைப் பழக்கம் இருக்கிறது. பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் தம் கேடயத்தின் எழுத்தைப் பொறித்து, பக்கத்தில் இருக்கும் உயிருக்கு வழங்குகின்றன. பெற்ற பிள்ளைக்கு மட்டும் அன்று, வேற்றினத்துக்கும் வழங்குகின்றன. குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை, கொள்வினை கொடுப்பினைக்குப் பொருத்தம் பார்ப்பதில்லை. மண்ணில் தீங்கின்றி வாழும் ஓர் உயிரின் கேடயம், கைமாறிக் கைமாறி, ஒருநாள் வாந்திபேதிக் கிருமியின் கையிலே விளங்குகிறது.

மனிதனோ, ஒரே ஊருணியில் உனக்கு ஒரு துறை, எனக்கு ஒரு துறை என்று பிரித்தான். தெருவைப் பிரித்தான், சுடுகாட்டையும் பிரித்தான். சாக்கடை மட்டும் தாழ்ந்தவர் தெரு வழியே போகட்டும் என்று விட்டுவிட்டான். கிருமி அந்தக் கோடுகளைப் படிக்கக் கற்றதே இல்லை! சேரியின் சாக்கடையில் வளர்ந்த கேடயம், மாடமாளிகையின் மருத்துவமனைப் படுக்கையிலும் வந்து படுத்துக்கொள்கிறது. அன்பினால் அறியாத சமத்துவத்தை அச்சத்தினாலாவது அறிவோமா?

*

அறிவதற்கு நம்மைத் தடுப்பது வறுமை மட்டுமன்று, வறட்டு மானமும்தான். 2009இன் இறுதியில் ஒரு செய்தி வந்தது. இந்திய வழிவந்த சுவீடன் நாட்டவர் ஒருவர், டெல்லியில் மருத்துவம் பெற்றுத் திரும்பியவர். அவரிடம் கண்ட கிருமியில், மிக வலிய மருந்துகளையும் முறிக்கும் புதியதொரு மரபணு இருந்தது. அதற்கு நியூடெல்லியின் பெயரையே சூட்டி, என்.டி.எம்-1 என்றனர். 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு, பிரிட்டனின் திமோதி வால்ஷ் முதலானோர் உடன் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என, அந்த மரபணுவைத் தாங்கிய கிருமிகளை அவர்கள் காட்டினர்.

வெடித்தது கோபம்! கிருமியின்மீதா? இல்லை, பெயரின்மீது. "நாட்டுக்கு இழுக்கு, நம் மருத்துவமனைகளை நாடி வரும் வெளிநாட்டாரைத் தடுக்கும் சூழ்ச்சி" என்றனர். ஒரு நகரத்தின் பெயரைக் கிருமியின் கழுத்தில் கட்டியது முறையன்று, அது உண்மை. லான்செட் இதழின் ஆசிரியரே 2011இல் அதனை ஒப்புக்கொண்டு வருந்தினார். ஆனால், அதே ஆண்டு ஏப்ரலில் வந்த மற்றொரு செய்திக்கு நம் கோபம் எங்கே போயிற்று? டெல்லி நகரில் தேங்கிய நீரும் வழிந்தோடும் நீருமாக எடுத்த 171 மாதிரிகளில் 51இல் அந்த மரபணு இருந்தது. குடிநீர்க் குழாயில் பிடித்த 50 மாதிரிகளில் இரண்டில் இருந்தது. வாந்திபேதிக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியிலும் அது புகுந்திருந்தது.

பெயருக்குப் பதறிய நாம், குழாய் நீருக்குப் பதறினோமா? கண்ணாடியில் முகத்துக் கறை தெரிந்தால், முகத்தைக் கழுவுவது அறிவு. கண்ணாடி செய்தவன் எந்த நாட்டான் என்று விசாரிப்பது என்ன அறிவு? மானம் மறைப்பதில் இல்லை, திருத்துவதில் இருக்கிறது.

*

இனி, குற்றம் யாருடையது என்னும் கேள்விக்கு வருவோம். மேடை ஏறுகிறவர்களில் பலர், "மக்கள் கண்டபடி மாத்திரை விழுங்குகிறார்கள்" என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த மக்களில் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் பெண். சளி, காய்ச்சல். மருத்துவரிடம் போனால் அரைநாள் கூலி போகும், கட்டணமும் போகும். மருந்துக்கடையில் சொல்லி, இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்குகிறாள். அதில் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒன்று. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதனிடம் அந்த மாத்திரை செல்லாது. அவள் உடலில் குடியிருக்கும் மற்ற நுண்ணுயிர்களுக்கோ அது கேடயம் செய்யக் கற்றுக்கொடுக்கிறது. அவள் செய்தது பிழை. ஆனால், அறிந்து செய்த பிழையா? வேறு வழி இருந்தும் செய்த பிழையா?

மற்றொரு பக்கம் பாருங்கள். ஆரியோமைசின் கழிவைத் தின்ற கோழிக்குஞ்சு விரைவில் கொழுக்கிறது என்று 1950இல் அதே லெடர்லே நிறுவனத்தார் அறிவித்தனர். அன்று தொடங்கிற்று, நோயில்லாத கோழிக்கு மருந்தூட்டும் வணிகம். கடைசிப் படைக்கலமாக மருத்துவர்கள் காத்து வைத்திருந்த கோலிஸ்டினைக்கூடத் தீவனத்தில் கலந்தனர். 2019 ஜூலையில்தான் இந்திய அரசு அதனைத் தடுத்தது. கோழிக்கு நோயில்லை, பண்ணையாருக்கு இலாபப் பசி இருந்தது!

2020 சனவரியில், ஆலைக் கழிவில் எந்த நுண்ணுயிர்க்கொல்லி எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டும் வரைவு ஒன்றை மைய அரசு வெளியிட்டது. உலகமே வியந்து பார்த்த வரைவு. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. அந்த வரம்பு மட்டும் அதில் இல்லை! தீப்பெட்டி ஆலைப் பெண்ணின் இரண்டு மாத்திரையையும், ஏரியில் கலந்த டன் கணக்கான கழிவையும் ஒரே தராசில் ஒரே தட்டில் வைப்பது நீதியா? அறிந்தவன் குற்றம் பெரிது. ஆற்றல் உள்ளவன் குற்றம் அதனினும் பெரிது. அறியாமையும் இல்லாமையும் செய்த பிழைக்கு மருந்து தண்டனையன்று; கல்வியும் கூலியோடு விடுப்பும் அருகிலேயே ஒரு மருத்துவருமே.

நான்கெழுத்தைப் படிக்கும் கலை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று கூறமாட்டோம். நீரில் ஒரு மரபணு இருக்கிறது என்றால், குடித்தவர் அனைவரும் நோயுறுவர் என்று பொருளல்ல. செத்த கிருமியின் எழுத்தையும் பொறி படித்துவிடும். அச்சமூட்டுவது அறிவியலின் வேலையன்று; அடையாளம் காட்டுவதே அதன் வேலை. ஆனால், அடையாளம் காட்டிய பிறகு, "அறியேன்" என்று சொல்லும் உரிமை நமக்குப் பறிபோகிறது. அறிவின் விலை அதுதான். படிக்கத் தெரியாதவன் விதி என்பான். படித்தவன் வினை என்றே சொல்ல வேண்டும் — செய்தவன் பெயரோடு!

2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக, உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை தலைகளிலும் ஒரே எழுத்தா எழுதியிருந்தது?

செய்ய வேண்டியவை மறைபொருள் அல்ல. மருத்துவர் சீட்டின்றி இத்தகைய மருந்துகள் பலவற்றை விற்கலாகாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. மருந்தாலைக் கழிவுக்கு வழிகாட்டும் நெறிகளை உலகச் சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வகுத்துத் தந்துவிட்டது. விடுபட்ட வரம்பை மீண்டும் எழுதலாம். கொரோனாவின் எழுத்தைப் படிக்கவென்று 2021இல் தமிழக அரசு சென்னையில் தனக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவியது. அந்தக் கலை சாக்கடையின் எழுத்தையும், கோழிப்பண்ணைக் கழிவின் எழுத்தையும், கண்மாயின் எழுத்தையும் படிக்க வல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய சாக்கடை, தூய குடிநீர், வீட்டுக்கொரு கழிப்பறை, அது நிறைந்தால் மனிதனை இறக்காமல் அள்ளும் பொறி. நோய் வராமற் செய்தால், மருந்தே வேண்டாமே!

மீண்டும் இடைசெவலுக்கு வருவோம். மழை விட்டது. மண் இன்னும் மணக்கிறது. அந்த மணத்துக்குள் பல்லாயிரம் ஆண்டுப் பழைய ஏடு ஒன்று விரிந்து கிடக்கிறது. வாளும் கேடயமும் சமமாக நின்ற ஏடு. அதன் ஓரத்தில் இந்த நூற்றாண்டு கிறுக்கிச் சேர்த்தவை நம்முடைய வரிகள். எழுதியவர் நாம், படிக்கவும் கற்றுக்கொண்டோம். அந்த ஊருணியில் நாளை நீர் மொள்ள வருபவள், இன்னும் பிறக்காத ஒரு பெண் குழந்தை. அவளுக்குக் காய்ச்சல் வரும் நாளில் மருந்து வேலை செய்யுமா என்பதை எந்தத் தலையிலும் எவனும் எழுதி வைக்கவில்லை.

எழுதுகோல் நம் கையில் இருக்கிறது.